பாய்மரத்தின் அடுக்குகள்

பாய்க்கப்பலின் படத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு நெடிதுயர்ந்த ஒரே மரம்தான் தெரியும். ஐரோப்பியச் சதுரப்பாய்க் கப்பல்களில் அது பெரும்பாலும் மூன்று மரம். ஏராக்கட்டைக்கு மேலுள்ள குழியில் கால் ஊன்றிய அடிமரம், அதன் தலையில் டாப்மாஸ்ட், அதற்கும் மேலே டாப்கேலண்ட். முன், நடு, பின் என்று எல்லாப் பாய்மரங்களுக்கும் இதே அடுக்கு.

இந்த மரபில் உயரத்தைவிட இணைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். அடிமரத்தின் உச்சியில் ‘கேப்’ என்ற இரு துளைப் பெருங்கட்டை. சதுரத் துளை அடிமர முனையைக் கவ்வும். வட்டத் துளை வழியே டாப்மாஸ்ட் மேலேறும். டாப்மாஸ்டின் காலில் குறுக்கே செருகிய ‘ஃபிட்’ என்ற ஆப்பு, கீழேயுள்ள தாங்குகட்டைகளில் அமர்ந்து எடையைச் சுமக்கும். மரத்தைச் சற்றே உயர்த்தி ஆப்பை உருவினால் இறக்கிவிடலாம். புயலில் டாப்கேலண்டையும் இப்படித்தான் இறக்குவார்கள். ஒடிந்த டாப்மாஸ்டுக்குப் பதில் நடுக்கடலிலேயே வேறொன்றை ஏற்றவும் முடியும்.

இந்த இணைப்பிலுள்ள ‘டாப்’ என்ற மேடையைக் காவலாளி நிற்கும் இடமாகவே கதைகள் காட்டுகின்றன. மேல்மரத்தின் பக்கக் கயிறுகளை அகல விரித்துப் பிடிப்பதே அதன் முதல் வேலை. மேடையில் ஏற வசதியாக ஒரு துளை உண்டு. தேர்ந்த மாலுமி அதைச் சீந்தமாட்டான். முதுகு கடலைப் பார்க்க, வெளிக்கயிற்றில் தொற்றித்தான் ஏறுவான். ஆங்கில மாலுமிகள் அந்தத் துளையைக் கற்றுக்குட்டியின் துளை என்றே கேலி செய்தார்கள்.

ஆங்கிலேயர் அளவில் கறார். பெரிய அடிமரத்துக்குக் கஜ நீளத்துக்கு ஓர் அங்குல விட்டம் என்பது பொதுக்கணக்கு. டேவிட் ஸ்டீல் 1794இல் வெளியிட்ட நூலில் இத்தகைய அளவுகள் விரிவாக உள்ளன. மரத்துக்கு நியூ இங்கிலாந்தின் வெள்ளைப் பைனை நம்பினார்கள். 1691ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சாசனம், தனியார் நிலத்துக்கு வெளியே 24 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்களை அரசருக்கென ஒதுக்கியது. அமெரிக்க விடுதலைப் போரில் அந்த வரத்து நின்றதும், துண்டுகளைச் சேர்த்து இரும்பு வளையம் பூட்டிய மரங்களையே பெரிதும் சார்ந்திருக்க நேர்ந்தது.

அரபு டவ் கலங்களின் மரபு வேறு. குட்டையான மரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். உயரத்தையெல்லாம் பாய் தாங்கும் நீண்ட பருமலே தரும்.

சதுரப்பாய் மரபு நம்மவர் கைக்கும் வந்தது. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய ‘அன்னபூரணி’ இரு மரக் கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்ற, 1938இல் தமிழ் மாலுமிகளோடு மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தது.

அதற்கு முன்பே பெரிய கப்பல்களில் எஃகுக் குழாய்கள் வந்து, அடிமரமும் டாப்மாஸ்டும் ஒன்றாகியிருந்தன. பராமரிப்பு சுலபமாயிற்று, ஆனால் அந்தக் குழாய் முறிந்தால் மாலுமிகளால் கடலில் மாற்ற முடியாது.