ஜெராய் அடிவாரத்தில் ஒரு விளக்கு

கெடாவில் யான் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டு நண்பர்கள் “நானா?” என்று சிரிப்பார்கள். கிழக்கே 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை, மேற்கே மலாக்கா நீரிணை, வடக்கே கண்ணுக்கெட்டியவரை நெல்வயல். இரவில் படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர்கள் தேடி வருவதற்கு இது போதும்.

அவர்கள் எடுக்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கருத்த மலை. அதற்கு மேல் ஊதா நிறத்தில் பால்வீதி. வரப்பில் ஒருவர் நெற்றி விளக்கை வானத்துக்குக் காட்டியபடி நிற்பார். நான்கு ஆண்டுகளாக நானும் அதே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம் என்பதால் என்னைப் பற்றியதும்தான்.

முதலில் அதற்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். “கண்ணுக்கு இப்படித் தெரியாதே, எல்லாம் கம்ப்யூட்டர் வேலை” என்பார்கள். பாதி உண்மை. இருட்டுக்குக் கண் பழகவே இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். பழகிய பிறகும் மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது. பால்வீதி சாம்பல் புகையாகத்தான் தெரியும். கேமராவோ 25 விநாடி வரும் ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. சேர்த்து வைப்பது பொய் ஆகாது.

அந்த 25 விநாடிக்கும் ஒரு கணக்கு உண்டு. 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 20 மி.மீ. லென்ஸ் என்றால் 25. அதற்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். இந்த விதி எல்லா ஊருக்கும் பொது. ஆனால் ‘துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து அதைச் சுற்றி வட்டங்கள் வரவையுங்கள்’ என்ற பாடம் யானில் செல்லாது. இங்கே அது அடிவானத்துக்கு மேல் ஆறு பாகைகூட இல்லை. கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. வயலின் மூட்டமே அதை விழுங்கிவிடும். பதிலுக்கு, லண்டனில் பத்துப் பாகைகூட ஏறாத பால்வீதியின் மையம் நமக்கு 55 பாகை உயரம் வரை வரும். வேறு நாட்டு வானத்துக்கு எழுதிய பாடத்தை அப்படியே ஒப்பிக்கக் கூடாது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு பிப்ரவரி, விடியற்காலை ஐந்து மணி. யானுக்கு வடக்கே அறுவடை முடிந்த வயலில் முக்காலியை நட்டுத் தென்கிழக்கே ஜெராயைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து 60 படங்கள், மொத்தம் 25 நிமிடம். வீட்டில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது நட்சத்திரங்கள் சாய்ந்த கோடுகளாக வந்திருந்தன. மலையடிவாரச் சரிவில் மட்டும் மஞ்சளாக ஒரு புள்ளி வரிசை. குப்பை என்று நினைத்தேன். உச்சியிலிருந்த கோபுரத்தின் சிவப்பு விளக்கை அழித்த கையோடு அதையும் அழித்தேன். பதிவேற்றினேன். பாராட்டு குவிந்தது.

சுங்கைப்பட்டாணிக்குப் போனபோது பாட்டி மடிக்கணினியில் அழிக்காத படத்தைப் பார்த்துவிட்டார். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில், அது செம்பனைக்கு மாறும்வரை, பால் வெட்டியவர். நட்சத்திரக் கோடுகளை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

“இது மரம் வெட்டுற வெளக்குய்யா. மரத்துக்கு மரம் நின்னு நின்னு போயிருக்காங்க, பாரு.”

கொஞ்ச நேரம் கழித்து, “எல உதிர்ற மாசம். பாலு கொறையும். அப்பயும் வெட்டுறாங்கன்னா கையில காசு இல்ல” என்றார்.

இலை உதிர்ந்திருந்ததால்தான் அந்த விளக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது. விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். அதனால்தான் அந்த நேரம். நானும் அதே நேரத்தில், அதே மாதிரி ஒரு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். என் விளக்கு வானத்தைப் பார்த்தது. அந்த விளக்கு ஓர் அடி தூரத்தில் இருந்த மரப்பட்டையைப் பார்த்தது.

நம்மிடம் நிலக்காட்சிக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். யாமம் குறிஞ்சிக்கு, வைகறை மருதத்துக்கு. ஆனால் திணை அதோடு முடிவதில்லை. உணவு, மரம், பறவை, பறை, தொழில் என்று கருப்பொருள் வந்து சேர வேண்டும். மலையும் வயலும் கடலும் கூடும் யானில் நின்றுகொண்டு, முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு கருப்பொருளைத் துடைத்துவிட்டேன். அதற்கு ‘இயற்கை’ என்று பெயரும் வைத்தேன். அந்த வயலே இயற்கை இல்லை. மூடா அணைத் திட்டத்தின் வாய்க்கால் நீரில் வருடம் இரண்டு போகம் விளையும் வயல்.

படத்தைத் திருத்துவதே பாவம் என்று சொல்லவில்லை. ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிமானி கைக்குக் கிடைக்காமல், நிலவின் ஒளி அளவை நினைவிலிருந்து கணக்கிட்டு அவசரமாக எடுத்தார். பிற்காலப் பிரதிகளில் வானத்தை ஏறக்குறைய முழுக் கறுப்பாக்கினார். ஆனால் கீழே கடைசி வெளிச்சம் பட்ட கல்லறைச் சிலுவைகளை விட்டுவைத்தார். ஆளில்லாத மலைகளுக்குப் பேர் போனவரின் மிகப் புகழ்பெற்ற படத்தில் ஒரு கிராமமும் அதன் இறந்தவர்களும் இருக்கிறார்கள். வானத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கறுப்பாக்கலாம். சிலுவைகளை எடுத்துவிட்டால் அது வேறு படம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘உழைப்பாளியின் விளக்கு’ என்று தலைப்புப் போட்டு அதையும் ஓர் அலங்காரமாக்கிவிடலாம். நம் தோட்டப்புறக் கதைகளிலேயே அப்படி நடந்திருக்கிறது. அந்தச் சபலம் எனக்கும் வந்தது. பாட்டி ‘நம்ம ஆளுங்க’ என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் மனதுக்குள் ஒரு தமிழ்க் குடும்பத்தையே உருவாக்கியிருந்தேன்.

அடுத்த வாரம் பகலில் அந்தச் சரிவுக்குப் போனேன். வெட்டியவர் ஒரு மலாய்க்காரர். இரண்டு ஏக்கர் சொந்த நிலம். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புள்ளிகளுக்கு நடுவே இருந்த ஓர் இடைவெளியில் விரலை வைத்தார். அங்கே நிறுத்திவிட்டு, மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பி நடந்து போய்க் கோப்பி குடித்தாராம்.

அந்த இடைவெளியை நான் கவனித்திருக்கவே இல்லை. அழிக்காத படத்தை ஒரு பிரதி எடுத்து அவருக்குக் கொடுத்தேன். கோபுரத்தின் சிவப்பு விளக்கும் அதில் இருக்கிறது.