ஸ்கைரிம் நாட்டில் சட்டமும் நீதியும்

ஒரு நாட்டின் தன்மையை அறிய விரும்புவோர் அதன் கோட்டை கொத்தளங்களைக் காண்பதைவிட, அங்கே குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்று காண்பதே தக்க வழியாகும். இவ்வுண்மை மெய்யான நாடுகளுக்கு மட்டுமன்றிக் கற்பனை நாடுகளுக்கும் பொருந்தும். காவியங்களும் புதினங்களும் படைத்த கற்பனை நாடுகளோடு, கணினி விளையாட்டுகள் படைத்த நாடுகளும் இன்று சேர்ந்துள்ளன. ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தின் வேடத்தை ஏற்று, அந்நாட்டில் உலவி, பேசி, போரிட்டு வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு வகை ஒன்று உண்டு. அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெளியிட்ட 'ஸ்கைரிம்'. 'எல்டர் ஸ்குரோல்ஸ்' என்னும் வரிசையில் இது ஐந்தாவது படைப்பு. பனிமலைகளும் டிராகன்களும் நிறைந்த இந்நாட்டின் அழகு கண்ணைக் கவர்வது. அதன் சட்டமோ சிந்தனைக்கு வேலை தருவது.

ஒன்பது எல்லைகள்

ஸ்கைரிம் நாடு ஒன்பது பிரிவுகளாக அமைந்தது. ஒவ்வொரு பிரிவையும் 'யார்ல்' எனப்படும் குறுநில மன்னர் ஒருவர் ஆள்கிறார். யார்ல்களுக்கு மேலே பெருமன்னர். அவருக்கும் மேலே பேரரசு. இவ்வாறு மூன்று அடுக்குகளில் ஆட்சி நடைபெறுகிறது. எனினும் குற்றம் என்று வரும்போது, ஒன்பது பிரிவுகளும் ஒன்பது தனி நாடுகளைப் போலவே இயங்குகின்றன. வொயிட்ரன் நகரில் கொலை செய்தவன்மீது வொயிட்ரன் பிரிவிலேயே தண்டத்தொகை பதிவாகிறது. அவன் எல்லை கடந்து விண்ட்ஹெல்ம் நகருக்குச் சென்றால், அங்குள்ள காவலர் அவனை மற்ற வழிப்போக்கர்களைப் போலவே நடத்துகின்றனர். முன்னவர் தேடும் கொலைகாரன் பின்னவருக்கு விருந்தினன்.

இவ்வமைப்பின் அருமை, இதற்கு முந்தைய படைப்போடு ஒப்பிடும்போது விளங்கும். 2006இல் வெளிவந்த 'ஒப்ளிவியன்' விளையாட்டில் நாடு முழுவதற்கும் ஒரே குற்றப் பதிவுதான். ஒரு மூலையில் செய்த திருட்டை மறு மூலையில் நிற்கும் காவலரும் அந்த நொடியே அறிந்திருப்பார். ஸ்கைரிமின் ஆசிரியர்கள் அக்குறையைக் களைந்து, சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்ற கேள்விக்கு விடை கூறியுள்ளனர். ஆணை பிறப்பிப்பவரின் எல்லையோடு ஆணையின் வலிமையும் முடிந்துவிடுகிறது. ஆட்சி எல்லை என்னும் கருத்தை ஆட்டக்காரர் பாடமாகக் கேட்காமல், தம் கால்களால் நடந்தே கற்றுக்கொள்கிறார். இது பாராட்டுக்குரியது.

விலைப்பட்டியலான சட்டம்

எல்லையை இத்துணை நுட்பமாக வகுத்த ஆசிரியர்கள், எல்லைக்குள் நிகழ வேண்டிய நீதியை எவ்வாறு அமைத்தனர்? அத்துமீறி ஒரு வீட்டினுள் நுழைந்தால் 5 பொற்காசு. சட்டைப்பையில் கைவைத்தால் 25. ஒருவரைத் தாக்கினால் 40. குதிரையைக் களவாடினால் 50. சிறையிலிருந்து தப்பினால் 100. கொலை செய்தால் 1000. குற்றவாளியைப் பிடிக்கும் காவலரே குற்றத்தைக் கூறுகிறார். அவரே தண்டனையை அறிவிக்கிறார். அவரே பணத்தைப் பெற்றுக்கொள்கிறார். பணம் செலுத்துதல், சிறை செல்லுதல், எதிர்த்துப் போரிடுதல் என்னும் வழிகளே குற்றவாளியின்முன் உள்ளன. "நான் செய்யவில்லை" என்று வழக்காடும் வழி இப்பட்டியலில் இல்லை. யார்ல் அரியணையில் அமர்ந்திருக்கிறார். ஆனால் ஆட்டக்காரரின் வழக்கு எதுவும் அவர் செவிக்கு எட்டுவதில்லை.

யார்லுக்கு நற்பணி செய்து சிறப்புப் பட்டம் பெற்றவர், அப்பட்டத்தைக் கூறி ஒருமுறை தண்டனையின்றி நீங்கலாம். பெருங்கொலை புரிந்தவனும் பணம் கட்டியபின் அதே காவலரின் முன்னே தலை நிமிர்ந்து நடக்கலாம். இவற்றினும் கொடிய விதி ஒன்று உண்டு. குற்றத்தைக் கண்ட சாட்சிகள் அனைவரையும் கொன்றுவிட்டால், பதிவான தண்டத்தொகை முற்றாக நீங்கிவிடுகிறது. நீங்கிய செய்தியைத் திரையே அறிவிக்கிறது. ஒரு கொலையை மறைக்க மற்றொரு கொலை செய்பவனுக்கு இச்சட்டம் பரிசளிக்கிறது என்றே கூற வேண்டியுள்ளது.

நீதிமன்றம் இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதையும் இவ்விளையாட்டு அறியாமலே காட்டிவிடுகிறது. பொருளைப் பறிகொடுத்தவர் முறையிட இடமின்றி, கூலிக்கு அடியாட்களை அமர்த்தித் திருடியவன்மேல் ஏவுகிறார். அடியாளின் உடலைச் சோதித்தால் அவரது பெயர் தாங்கிய கடிதம் கிடைக்கிறது. முறையீட்டு மனுவாக இருந்திருக்க வேண்டிய தாள், பழிவாங்கும் ஒப்பந்தமாக மாறிவிட்டது.

"இது விளையாட்டுத்தானே? வழக்கு விசாரணையை வைத்தால் ஆட்டக்காரர் சலிப்படையமாட்டாரா?" என்று கேட்போர் உண்டு. இதற்கு இவ்வரிசையின் இரண்டாவது படைப்பே விடையாகும். 1996இல் வெளிவந்த 'டேகர்ஃபால்' விளையாட்டில் பிடிபட்டவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுத்தால் வாதாடலாம், அல்லது துணிந்து பொய் கூறலாம். அவனது பேச்சுத்திறனும், அப்பகுதியில் அவனுக்குள்ள நற்பெயரும் தீர்ப்பில் பங்குபெறுகின்றன. தண்டமோ சிறையோ நாடுகடத்தலோ வரலாம், விடுதலையும் வரலாம். இவை அனைத்தும் ஒருசில வரிகளில், ஒருசில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. ஸ்கைரிமைவிடப் பதினைந்து ஆண்டுகள் மூத்த படைப்பு, எளிய கருவிகளைக் கொண்டே குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வாய் கொடுத்தது. மலையையும் அருவியையும் உயிரோட்டத்துடன் தீட்டிய பிற்காலப் படைப்பு அந்த வாயை அடைத்துவிட்டது.

கதை எழுப்பும் கேள்விகள்

ஆசிரியர்கள் நீதியைப் பற்றி எண்ணாதவர்கள் என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஸ்கைரிமின் முதற் காட்சியே அநீதியின் காட்சி. எல்லையில் பிடிபட்ட ஆட்டக்காரர், கலகக்காரர்களோடு கைகள் கட்டப்பட்டு ஹெல்கன் என்னும் ஊருக்குக் கொண்டுவரப்படுகிறார். கைதிகளின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலை வைத்திருக்கும் வீரன் அதைத் தன் தலைவியிடம் கூறித் தயங்குகிறான். தலைவியோ பட்டியலைப் பொருட்படுத்தாமல் அவரையும் வெட்டுமேடைக்கு அனுப்புகிறாள். அவரைக் காப்பாற்றுவது சட்டமன்று; வானிலிருந்து இறங்கும் டிராகன். திருக்குறள் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்துள்ளது. அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள எல்லை எத்துணை மெல்லியது என்பதை இக்காட்சியில் அந்த ஒற்றைத் தாள் உணர்த்துகிறது.

நாட்டின் உள்நாட்டுப் போரும் ஒரு சட்ட வழக்கிலிருந்தே பிறக்கிறது. விண்ட்ஹெல்மின் யார்லாகிய உல்ஃப்ரிக், பெருமன்னர் டோரிக்கைப் போருக்கு அழைத்துக் கொன்றான். தொன்றுதொட்டு வந்த மரபு அளித்த உரிமை இது என்பர் அவன் பக்கத்தார். வெறும் கொலை என்பர் பேரரசின் பக்கத்தார். மரபுச் சட்டம் பெரிதா, பேரரசின் சட்டம் பெரிதா என்ற இவ்வழக்கை விசாரிக்க மன்றம் இல்லை. ஆகவே வாள் விசாரிக்கிறது. அதற்கிடையே, உல்ஃப்ரிக் தப்பிச்செல்ல வாயிற்கதவைத் திறந்துவிட்ட காவலன், சாலிடியூட் நகரில் மக்கள் முன்னிலையில் தலை வெட்டப்படுகிறான். கூட்டத்தில் அவனுடைய உறவுச் சிறுமியும் நிற்கிறாள்.

தால்மோர் நீதிக்காவலரின் நிலை இன்னும் கூர்மையானது. போரில் தளர்ந்த பேரரசு, எல்ஃப் இனத்தாரின் அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேலோஸ் வழிபாட்டைத் தடைசெய்தது. அத்தடையை நிறைவேற்றும் உரிமையோடு அயல்நாட்டு அதிகாரிகள் ஸ்கைரிமின் சாலைகளில் நடந்து, அந்நாட்டு மக்களையே பிடித்துச் செல்கின்றனர். ஒரு நாட்டின் எல்லைக்குள் பிறநாட்டான் சட்டம் நடமாடும்போது, அங்குள்ள மக்களுக்கு நாடு எஞ்சுகிறதேயன்றி ஆட்சி எஞ்சுவதில்லை.

மார்கார்த் நகரின் சித்னா சுரங்கம் மற்றுமொரு சான்று. அது சிறைச்சாலை, அதே வேளையில் ஒரு செல்வக் குடும்பத்தின் வெள்ளிச் சுரங்கம். கைதிகள் தோண்டத் தோண்ட அக்குடும்பம் கொழிக்கிறது. நகரில் நடந்த கொலைகளின் உண்மையைத் தேடிய ஆட்டக்காரரையே, அக்கொலைகளைச் செய்தவராகக் காட்டிக் காவலர்கள் அச்சுரங்கத்தில் தள்ளுகின்றனர். கலகத் தலைவனோடு கூடித் தப்புவதோ, அவனைக் கொன்று வெளியேறுவதோதான் வழி. இரண்டிலும் விசாரணை இல்லை.

இணையாத இரு பாதிகள்

இங்கேதான் இப்படைப்பின் பெருங்குறை வெளிப்படுகிறது. கதையை எழுதிய கை, விசாரணையற்ற தண்டனையின் கொடுமையை நன்கு அறிந்திருக்கிறது. விதிகளை வகுத்த கையோ, விசாரணையற்ற தண்டனையையே நாள்தோறும் நடத்துகிறது. ஹெல்கனில் பெயரில்லாத பட்டியலால் சாகவிருந்த அதே மனிதர், பின்னர் ஓர் அப்பாவியைக் கொன்றுவிட்டு ஆயிரம் பொற்காசோடு கணக்கை முடித்துக்கொள்கிறார். முதற் காட்சி மூட்டிய சினத்தைப் பின்வரும் விதிகள் தணித்து, மறக்கவும் செய்துவிடுகின்றன.

விளையாட்டில் கற்பது விளையாட்டோடு போய்விடும் என்று ஒதுக்கிவிட இயலாது. இத்தகைய கற்பனை நாடுகளில் இளைஞர் பலர் பல நூறு மணி நேரம் வாழ்கின்றனர். குற்றத்துக்கு விலை உண்டு, விலை கொடுத்தால் குற்றம் இல்லை என்று ஒரு நாடு மீண்டும் மீண்டும் கூறுமாயின், அக்கூற்று மனத்தில் படியாமல் போகாது. இதனினும் வருந்தத்தக்கது, குற்றம் சாட்டப்பட்டவன் பேசலாம் என்ற எண்ணமே எழாமற்போவது. அபராதம் அரசின் கருவூலத்தை நிறைக்கும். ஒருவன் சொல்லைக் கேட்பதே அவனை மனிதனாக மதிப்பது.

எல்லை வகுத்தல் சட்டத்தின் உடல் என்றால், செவிசாய்த்தல் அதன் உயிர். ஸ்கைரிம் உடலை அழகுற வார்த்தது. உயிரை ஹெல்கனின் அந்தத் தாளில், தயங்கி நின்ற அந்த வீரனின் நாவில் ஒரு கணம் காட்டியது. அத்தயக்கத்தைச் சட்டமாக்கும் படைப்பு ஒன்று தோன்றுமாயின், அதுவே இவ்வரிசையின் முழுமையான நாடாக விளங்கும்.