சமையலறை இல்லாத வீடு

அமெரிக்காவில் வீட்டு உள் அலங்காரத்தைச் சம்பளம் வாங்குகிற தொழிலாக ஆக்கியவர்கள் யார் என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வருகிற பெயர் எல்ஸி டி வுல்ஃப். 1905 வரை நாடக நடிகை. நடிப்பைவிட மேடையில் உடுத்திய பாரிஸ் உடைகளுக்காக அதிகம் பேசப்பட்டவர். கைத்தட்டல் குறைந்ததும் தொழிலை மாற்றிக்கொண்டார். 1913-ல் அவர் பெயரில் ‘தி ஹவுஸ் இன் குட் டேஸ்ட்’ என்று ஒரு புத்தகம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. நீங்கள் ஃப்ளாட் வாங்கி, கார்ப்பெண்டரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவராக இருந்தால் இன்றைக்கும் அதில் உபயோகமான சமாசாரங்கள் இருக்கின்றன. பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்துப் பணக்கார நியூயார்க் வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கரிய மரப் பலகைகள், கனத்த வெல்வெட் திரைகள், மூலைக்கு மூலை தொட்டிப்பனை, கண்ணாடிக்குள் பஞ்சடைத்த பறவை. நடக்க இடம் கிடையாது. எல்ஸியும் அவருடைய தோழி எலிசபெத் மார்பரியும் (ஆஸ்கார் ஒயில்டுக்கும் பெர்னார்ட் ஷாவுக்கும் அமெரிக்காவில் நாடக ஏஜென்ட்டாக இருந்தவர்) அர்விங் பிளேஸில் குடியிருந்த வீட்டில், 1890-களின் கடைசியில் இதையெல்லாம் அப்புறப்படுத்தினார்கள். கரிய மரத்துக்கு வெள்ளைப் பெயின்ட். திரையை விலக்கி வெளிச்சம். வந்து பார்த்தவர்கள் அசந்து போனார்கள். சேர்ப்பதற்கு முன்னால் எடு என்பதுதான் அவருடைய முதல் பாடம். இதை ஒரு டிசைனர் சொல்வது அதிசயம்தான். எடுப்பதற்குக் கமிஷன் கிடையாதே!

1907-ல் திறந்த காலனி கிளப் அவருக்குப் பெரிய வாய்ப்பு. நியூயார்க் சீமாட்டிகளுக்கான கிளப். அதன் டீ அறைக்குள் தோட்டத்து மரத் தட்டியைக் கொண்டுவந்து கொடி ஏற்றினார். நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் பூப்போட்ட ‘சின்ட்ஸ்’ துணி. அவருக்கு ‘சின்ட்ஸ் லேடி’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. இந்தச் சின்ட்ஸ் வேறொன்றும் இல்லை, நம் பாட்டிகள் பாவாடை தைத்துக்கொண்ட சீட்டித் துணியேதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பா போய், அங்கிருந்த நெசவாளிகள் வயிற்றில் அடிக்கிறது என்று பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1700, 1721-லும் தடை போட்ட துணி. எல்ஸியின் வாடிக்கையாளர்களுக்கு அது லண்டன் நாகரிகமாகத்தான் தெரிந்திருக்கும்.

புத்தகத்துக்கு வருவோம். சாமான் வாங்குவதற்கு முன் சுவரைக் கவனி, கதவு ஜன்னலின் அளவைக் கவனி என்கிறார். அறை அதன் உபயோகத்துக்குப் பொருந்தவில்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோஜனமில்லை என்கிறார். வெளிச்சத்தைப் பற்றி எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கே உட்கார்ந்து படிப்பாயோ, எங்கே தலை வாருவாயோ, அங்கே விளக்கு வேண்டும். இன்றைய ஃபால்ஸ் சீலிங் ஹால்களைப் பாருங்கள். கூரையில் இருபத்துநாலு விளக்கு, நட்சத்திர ஓட்டல் மாதிரி ஜொலிக்கிறது. பேப்பர் படிக்க அப்பா பால்கனிக்குப் போகிறார்.

இப்போது அந்த ஓட்டை. பொருளடக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். கூடம், மாடிப்படி, டிராயிங் ரூம், சாப்பாட்டு அறை, படுக்கையறை, உடை மாற்றும் அறை, குளியலறை, சின்ன அபார்ட்மென்ட், எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கடைசியில் உதிரிக் குறிப்புகளாகக் கடிகாரம், முக்காலி, பீங்கான் அடுப்பு, வீட்டுக்குள் வைக்கிற நீரூற்று பற்றிக்கூட உண்டு. (பீங்கான் அடுப்பு குளிர்காய்வதற்கு, தோசை வார்க்க அல்ல.) சமையலறைக்கு ஓர் அத்தியாயம் இல்லை. சாப்பாட்டு அறை பிரகாசமாக, சந்தோஷமாக இருக்க வேண்டும் என்கிறார். சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது?

விடை சுலபம். அவருடைய வாடிக்கையாளர் வீடுகளில் சமைப்பவர் சம்பளத்துக்கு இருப்பவர், வீட்டுக்காரர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. புத்தகம் வந்த சமயத்தில் இரும்பு அதிபர் ஹென்றி கிளே ஃப்ரிக்கின் ஃபிப்த் அவென்யூ மாளிகையில் குடும்பத்தார் புழங்கும் இரண்டாம் தள அறைகள் எல்ஸியிடம் வந்தன. வாங்குகிற சாமானில் அவருக்குச் சதவிகிதம். பாரிஸில் கால்ஃப் ஆடப் போகிற வழியில் அரை மணி நேரம் ஒதுக்கி, அவர் காட்டிய பழைய ஃபர்னிச்சரை ஃப்ரிக் வாங்கித் தள்ளிய கதையைப் பிற்பாடு அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அரை மணியில் அவர் பணக்காரியாகிவிட்டார். எளிமையைப் போதிக்கிற புத்தகம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இதைப் பித்தலாட்டம் என்று சொல்லமாட்டேன். ஒரு பெண் இவ்வளவு சம்பாதிக்க அன்றைக்கு வேறு வழிகள் குறைவு. ஆனால் ஒரு டிசைனர் கற்ற பாடங்கள் அவருக்குப் பணம் கொடுத்தவர் உட்காரும் அறையோடு நின்றுவிடுகின்றன என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு ஆளும் கண்ணில் படவில்லை. புத்தகத்தில் ‘நான், நான்’ என்று பேசும் வாக்கியங்களைப் பெரும்பாலும் எழுதியவர் ரூபி ராஸ் குட்நோ என்ற இளம் பத்திரிகைக்காரப் பெண். அட்டையில் அவர் பெயர் இல்லை. பின்னால் ரூபி ராஸ் வுட் என்ற பெயரில் தானே பெரிய டெகரேட்டராகி, பில்லி பால்ட்வின் போன்றவர்களைத் தயார்செய்தார். நல்ல பழிவாங்கல்.

அதே 1913-ல் அமெரிக்காவில் இன்னொரு புத்தகம் வந்தது. கிறிஸ்டீன் ஃப்ரெடரிக் எழுதிய ‘தி நியூ ஹவுஸ்கீப்பிங்’. அவர் அடுக்களையில் பெண் வீணாக நடக்கிற நடையைக் கணக்குப் பார்த்தார். அது ஜெர்மன் மொழிக்குப் போய், 1926-ல் மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புக்காகச் சமையலறை வரைந்தபோது உதவியது. அகலம் இரண்டு மீட்டருக்குள், நீளம் மூன்றரைக்குள். ஜன்னலோரம் உட்கார்ந்தபடி காய் நறுக்க ஸ்டூல். சுமார் பத்தாயிரம் கட்டினார்கள். அதை வரைகிற வரைக்கும் தனக்குச் சமைத்தே பழக்கமில்லை என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்வாராம். அதிலும் குறை உண்டு. இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்ளும், பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று திட்டினார்கள். இருந்தாலும் வேலை செய்கிறவளின் கையையும் காலையும் அளந்து வரைந்த அறை அது.

இன்று நாம் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற மாடுலர் கிச்சன் அதன் பேத்திதான். பளபளப்பு வந்துவிட்டது, அந்த ஸ்டூல் காணாமல் போய்விட்டது. மேடை உயரம்? “எல்லா வீட்டுக்கும் இதான் சார் அளவு” என்பார்கள். ஐந்தடிக்குக் குறைவான அம்மா தோளைத் தூக்கிக்கொண்டு குழம்பு கிண்டுகிறாள். ஹாலில் டிவி பேனலுக்கு எத்தனை சாம்பிள் பார்த்தீர்கள்? மேடை போடுமுன் அம்மாவை நிறுத்தி முழங்கை உயரத்தை அளந்தீர்களா?

எல்ஸியின் புத்தகம் காப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுவர், வெளிச்சம், சின்ன அபார்ட்மென்ட் அத்தியாயங்களைப் படியுங்கள். நீரூற்றைத் தாண்டிப் போய்விடலாம். நியூயார்க் போகிறவர்கள் ஃப்ரிக் மியூசியத்தில் அந்த இரண்டாம் தளத்தையும் பார்க்கலாம், 2025 ஏப்ரலில்தான் முதல் தடவையாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.