பிளாக்செயின் டொமைன்: வெள்ளிமலை யாருக்குச் சொந்தம்?

தமிழ்நாட்டில் வெள்ளிமலை ஒன்று மட்டும் இல்லை. கல்வராயன் மலையில் தாலுகா தலைமையிடமாக ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒன்று, தேனிப் பக்கம் அதே பெயரில் ஒரு மலை. 'வெள்ளிமலை.ஈத்' என்ற பிளாக்செயின் பெயர் இவற்றில் யாருக்குப் போகும்? யார் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்கு. அவர் ஊர்க்காரராக இருக்கணும்னு அவசியமே இல்லை.

சாதாரண டொமைனிலும் அப்படித்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அங்கே தகராறு வந்தால் போய் நிற்க ஒரு இடம் இருக்கு. வணிக முத்திரை வைத்திருப்பவர்களுக்கு ஐகான் அமைப்பு 1999-லேயே ஒரு தீர்வு முறை கொண்டுவந்தது, '.இன்' பெயர்களுக்கும் தனி முறை உண்டு. பிளாக்செயினில் சாவி யாரிடமோ, பெயர் அவரிடம். 'யாராலும் பிடுங்க முடியாது' என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். ஏமாற்றி எடுத்தவரிடமிருந்தும் பிடுங்க முடியாது என்பதைச் சேர்த்துப் படிக்கணும்.

அடுத்தது 'ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் சொந்தம்' என்ற பேச்சு. ஈ.என்.எஸ். அமைப்பில் ஆண்டு வாடகைதான்: 5 எழுத்தும் அதற்கு மேலும் 5 டாலர், 4 எழுத்து 160, 3 எழுத்து 640. பரிவர்த்தனைக் கட்டணம் தனி. இங்கே எழுத்து என்பது யூனிகோட் குறியீடு. நமக்கு 'தேனி' 2 எழுத்து, அதற்கு 4. 'மலை' 3. அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் நிறுவனம் ஒருமுறை கட்டணத்துக்கு விற்றது. ஆனால் '.காயின்' முடிவை எமர்காயின் ஏற்கெனவே பயன்படுத்தி வந்தது தெரிந்ததும், 2022-ல் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பெயர் வாலட்டில் அப்படியே இருக்கும். நிறுவனத்தின் சேவைகளில் வேலை செய்யாது. ஒரே முடிவை இரண்டு பேர் உருவாக்கினால் எது செல்லும் என்று தீர்க்க, எல்லோரும் ஏற்கும் பொது ரூட் இங்கே கிடையாது.

குரோமில் '.ஈத்' நேராகத் திறக்காது. அதற்குப் பாலமாக இருந்த 'ஈத்.லிங்க்' ஒரு சாதாரண டொமைன். அதைப் பதிந்தவர் சிறையில் இருந்தபோது, 2022-ல், அது காலாவதியானது. அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் மீட்டார்கள். மையமே வேண்டாம் என்றவர்களுக்கும் கடைசியில் கோர்ட்டுதான் கைகொடுத்தது.

அப்போ வாங்கலாமா? ஈத்தர் அடிக்கடி அனுப்பி வாங்குபவருக்கு, 42 எழுத்து முகவரிக்குப் பதில் வாசிக்கும்படியான ஒரு பெயர் கிடைக்கும். 5 டாலருக்கு அது நியாயமான பயன். கல்வராயன் மலைத் தேனையும் கடுக்காயையும் இணையத்தில் விற்க நினைப்பவருக்கு '.இன்' போதும், தமிழிலேயே வேணும்னா '.இந்தியா' இருக்கு. வாங்க வருபவரின் போனில் தளம் திறக்கணும், அதுதான் முதல் தேவை. பின்னால் விலை ஏறும் என்று பெயர்களை வாங்கிக் குவிப்பது முதலீடு இல்லை, சூதாட்டம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.