கண்ணுக்குத் தெரியாத பூச்சு

காபித்தூள் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெளியே அச்சடித்த பாலியெஸ்டர், நடுவே அலுமினியத் தாள், உள்ளே பாலித்தீன். மூன்றையும் பசை இறுகப் பிடித்திருக்கும். மணம் போகாது, காற்றும் ஈரமும் வராது. வேலை கச்சிதம்தான். மறுசுழற்சிக்கு மட்டும் லாயக்கில்லை. பாலித்தீன் சுமார் 120 டிகிரியில் உருகிவிடும், பாலியெஸ்டருக்கோ 250 வேண்டும். பிரித்தெடுக்க யாருக்குப் பொறுமை?

இதற்கு வந்த மாற்றுதான் எனக்குப் பிடித்தது. உறை முழுக்க ஒரே வகைப் பிளாஸ்டிக். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கி, துளி ஆக்சிஜனோடு சேர்த்து, ஓடும் பிலிம்மேல் படியவிடுகிறார்கள். கனம் பத்து நானோமீட்டர் அளவில். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பூசியிருப்பதே தெரியாது, உள்ளே இருக்கும் பண்டம் பளிச்சென்று தெரியும்! உருக்கும்போது இத்தனை சன்னமான படலம் பிளாஸ்டிக்கை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

பூச்சு என்னவோ பீங்கான் ஜாதி. கசங்கினால் நுண்விரிசல் விடும், ஆக்சிஜன் புகுந்துவிடும். அதனால் மேலே இன்னொரு காப்புப் பூச்சும் கொடுப்பதுண்டு. எல்லாம் சரி, இந்த உறையையும் எச்சில் இலையோடு ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள்.