காது அடைக்கும் பசியும் பகல் தூக்கமும்

மன அமைதி பற்றித் தமிழில் வருகிற புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கும். கண்ணை மூடுங்க, மூச்சைக் கவனிங்க. தப்புன்னு சொல்லல. ஆனா நெய்வேலியில் உட்கார்ந்து படிக்கிறப்போ, இது யாருக்கு எழுதினதுன்னு கேட்கத் தோணுது. இங்கே சுரங்கம் ராப்பகலாக ஓடுகிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்கணும். பம்புகள் நின்றுவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். ஓய்வு என்பது இந்த ஊரின் அமைப்பிலேயே கிடையாது. மனுஷங்க ஷிப்ட் ஷிப்டாகத் தூங்குகிறார்கள்.

அதனால்தான் பக்கத்து வடலூர்க்காரரான வள்ளலாரின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடையை மறுபடி எடுத்தேன். அதில் பசி முற்றும்போது என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அறிவு மயங்குகிறது, மனம் சிதறுகிறது, கண் பஞ்சடைகிறது, காது அடைக்கிறது, நாக்கு உலர்கிறது. சாப்பாடு கிடைத்ததும் இதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிகிறது. கிட்டத்தட்ட ஒரு வைத்தியர் எழுதின குறிப்பு மாதிரி இருக்கும். சிதறின மனசைத் திரட்டு என்று பசித்தவனுக்கு அவர் உபதேசம் பண்ணவில்லை. சோறு போடச் சொல்கிறார். 1867இல் தருமச்சாலையைத் திறந்தார். சத்திய ஞான சபை வந்தது 1872இல். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது: அடுப்பு முதலில், ஜோதி பிறகு.

இன்னொன்றும் கவனிங்க. அந்த நூலில் வேலை செய்ய வேண்டியவர் தவிக்கிறவர் இல்லை, அதைப் பார்க்கிறவர். இன்றைய அமைதிப் புத்தகங்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. சத்தத்தில் அவதிப்படுபவன்தான் பயிற்சி எடுத்துக்கணும். சத்தம் போடுகிறவருக்கு ஒரு அத்தியாயம்கூட இல்லை.

சரி, வள்ளலாரோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. 'நித்திய கரும விதி'யில் சூரியன் உதிக்கும் முன் எழச் சொல்கிறார், பகல் தூக்கமே கூடாது என்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பும் ஆளுக்கு இது எப்படிப் பொருந்தும்? அவர் காலத்து வடலூரில் ஷிப்ட் கிடையாது. நெய்வேலி நிறுவனம் தொடங்கியதே 1956இல். அந்த விதி அவர் கண்ட வாழ்க்கைக்கானது என்று விட்டுவிடலாம். அடியார்கள் சிலர் அதை அப்படியே பிடித்துக்கொள்வதுதான் எனக்குச் சங்கடம்.

ஆனா ஷிப்ட் எல்லாருக்கும் தெரிந்த காலத்தில் எழுதின சட்டமும் அதே அனுமானத்தில்தான் நிற்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல் வரம்பு, பகலில் 55. திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடையும் இரவில்தான். காலை 6 மணிக்கு மேல் அனுமதி வாங்கிக் கட்டிவிடலாம். சுரங்கத்திலிருந்து வந்தவர் படுக்கையை விரிக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுதானே! ஆடி மாசத்தில் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு காலை நேரம் இருந்து பாருங்க, புரியும். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை வெளியே துரத்தி, குக்கரைக்கூடத் தள்ளி வைத்து ஒரு வீடே ஒருத்தருக்காக அடங்கிக் கிடக்கும். தெருவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து குவார்ட்டர்ஸும் இல்லை, சுற்றுக் கிராமத்தில் ஓட்டு வீடு என்றால் அந்தப் போர்வையும் உதவாது.

தூக்கம் கெட்டவனுக்கும் அறிவு மயங்கும், மனம் சிதறும், காது இரையும். வள்ளலார் பசிக்குப் போட்ட பட்டியல் அப்படியே பொருந்துகிறது. அப்படியானால் அவர் பசிக்குச் சொன்ன முறையையே இதற்கும் நீட்டலாம், அவருடைய பகல் தூக்க விதியை மீறியாவது. பக்கத்து வீட்டில் ஒருத்தர் தூங்குகிறார் என்று தெரிந்தால் டிவியைக் குறைப்பது அன்னதானத்தோடு சேரும். கோயில் கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், காலைப் பாட்டை 10 மணிக்கு மேல் தள்ளி வைக்க முடியுமான்னு கொஞ்சம் பாருங்க. ஆனா அதுவும் பத்தாது, இரவு ஷிப்ட்காரருக்கு மதியம் வரைக்கும் தூக்கம் வேணும்.