கிட்டார்காரரின் வலது கால்

திருவிழா மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பாடகரின் முகத்தைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கிட்டார்காரரின் இடது கை விரல்களைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அவருடைய வலது காலை. பல்லவி முடிந்து இன்டர்லூட் தொடங்குவதற்கு அரை அட்சரம் முன்னால் அந்தக் கால், தரையில் கிடக்கும், கிட்டாரின் ஒலியைப் பதப்படுத்தும் ப்ராசஸர் பெட்டியின் பொத்தான் ஒன்றை அழுத்தும். அதுவரை பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த கிட்டார் சட்டென்று முன்னால் வந்து நிற்கும். இன்டர்லூட் முடிந்ததும் அதே பொத்தானைக் கால் மறுபடி தொடும். கிட்டார் தன் இடத்துக்குப் போய்விடும். மேடைக்காரர்கள் இதை 'பூஸ்ட்' என்கிறார்கள். சத்தம் கூட்டுகிற சின்ன வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நன்றாகச் செய்தால் அது தனி ஒரு வித்தை.

தந்தியை மீட்டி வாசிக்கும் வாத்தியங்களுக்கு ஒரு இயல்பு உண்டு. மீட்டிய கணத்தில் நாதம் உச்சத்தில் இருக்கும். அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடும். நாகஸ்வரக்காரர் மூச்சால் சுரத்தைப் பிடித்து நிறுத்துவார், வயலின்காரர் வில்லால் நிறுத்துவார். வீணைக்கும் கிட்டாருக்கும் அந்த வசதி இல்லை. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் உற்சவம் கண்டருளி மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது நடக்கும் வீணை ஏகாந்தத்தைக் கேட்டவர்களுக்கு, அந்தத் தேய்வே எவ்வளவு அழகு என்று தெரியும். மேளம் ஓய்ந்த அமைதியில் ஒவ்வொரு மீட்டும் கரைந்து முடியும்வரை காது கூடவே போகும். திருச்சி உறையூரிலோ பாலக்கரையிலோ தெருவை அடைத்துப் போட்ட ஆர்கெஸ்ட்ரா மேடையில் அந்த அமைதிக்கு வழியே இல்லை. டிரம்ஸ், ரிதம் பேட், தபலா, இரண்டு கீபோர்டு, பேஸ் கிட்டார் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில், மீட்டிய நாதத்தின் முதல் நுனிதான் நமக்கு எட்டும்; மீதியைக் கூட்டம் விழுங்கிவிடும். அந்த மீதியை மீட்டுத் தருவதுதான் பூஸ்ட்டின் வேலை.

திருச்சியில் கிட்டார் நேற்று வந்த விருந்தாளி இல்லை. ரயில்வே பணிமனையோடு வளர்ந்த பொன்மலையின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கல்லூரி விழாக்கள் என்று பல வாசல் வழியாக அது ஊருக்குள் வந்தது. திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர் மேடையில் ராக் வாசிக்கும் மாணவனுக்கும், சமயபுரம் பக்கம் விடிய விடிய இளையராஜா பாட்டு வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராக்காரருக்கும் இசை வேறு, பிரச்சினை ஒன்றுதான். பாடகருக்கு அடியில் இருந்தபடி வாசிக்க வேண்டும். தன் முறை வரும்போது மேலே வர வேண்டும்.

இதற்கு 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கிட்டாரில் தொடங்கி, குரலுக்குக் கீழே தந்தி தந்தியாக ஓடி, கடைசியில் கிட்டாரே தனியாகப் பேசி முடிகிற பாட்டு அது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எதை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று பார்த்துக்கொள்ள ஒலிப்பதிவாளர் இருக்கிறார். மேடையில் அந்தப் பொறுப்பு கிட்டார்காரரின் காலுக்கு வந்துவிடுகிறது. பாட்டுக்கு அடியில் ஓடும் மீட்டும், முடிவில் வரும் தனி வாசிப்பும் ஒரே அளவில் ஒலித்தால் பாட்டின் வடிவமே தட்டையாகிவிடும்.

இனி அந்த ப்ராசஸர் பெட்டிக்குள் பார்க்கலாம். கிட்டாரின் ஒலி ப்ராசஸருக்குள் ஒரு வரிசையில் பயணம் செய்கிறது: கம்ப்ரஸர், டிஸ்டார்ஷன், ஆம்ப், ஸ்பீக்கர் கேபினெட், டிலே, ரிவெர்ப். பூஸ்ட்டை இந்த வரிசையில் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் ரசனை தொடங்குகிறது. டிஸ்டார்ஷனுக்கும் ஆம்புக்கும் முன்னால் வைத்தால், ஏற்கெனவே கரகரக்கும் ஒலி இன்னும் கரகரப்பாகும், நாதம் கொஞ்சம் நீளும். சத்தம் அவ்வளவாகக் கூடாது. அங்கே அலையின் உச்சி முன்பே வெட்டப்பட்டுவிட்டதால், மேலும் எவ்வளவு தள்ளினாலும் உயரத்துக்கு இடமில்லை. ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் பிறகு, டிலேவுக்கு முன்னால் வைத்தால் ஒலியின் குணம் மாறாமல் அளவு மட்டும் கூடும். பூஸ்ட்டை அணைத்த பிறகும் கடைசி சுரத்தின் எதிரொலி அறுந்துபோகாமல் தானாக அடங்கும். 'ராக்' சோலோவுக்கு முதல் இடம், மெல்லிசைக்கு இரண்டாவது இடம் என்பது என் கட்சி. லைன் 6 நிறுவனத்தின் எச்.எக்ஸ். ஸ்டாம்ப்பில் இதற்கென்றே 'கெயின்' என்ற பிளாக் இருக்கிறது. பாஸ் நிறுவனத்தின் ஜி.டி.-1 போன்ற சிறிய கருவியில் சி.டி.எல்.-1 என்ற பொத்தானுக்கு இந்த வேலையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு ஏற்றுவது? மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்க 6 டெசிபெல் போதும். ஆனால் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் வேண்டும். மேடைக்கு இரண்டுமே அதிகம். 3 முதல் 5 டெசிபெலுக்குள் நின்றுகொண்டு, 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை லேசாகத் தூக்கி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை பேஸுக்கும் டிரம்ஸுக்கும் விட்டுக்கொடுத்தால், கிட்டார் யாரையும் இடிக்காமல் முன்னால் வரும். டிஜிட்டல் கருவிக்கு ஒரு கூரை உண்டு. அதில் முட்டினால் ஒலி அசிங்கமாக உடையும். அதனால் சாதாரண அளவை முதலிலேயே தணித்து வைக்க வேண்டும். மேலே போவதற்கான இடத்தைக் கீழே இருக்கும்போதே ஒதுக்கிக்கொள்கிற இந்த அடக்கம், நல்ல கிட்டார்காரரின் முதல் லட்சணம்.

வீட்டில் ஹெட்ஃபோனில் பொருத்திய அளவு மேடையில் கைகொடுக்காது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடித்தள ஒலிகளும் மிக உச்ச ஒலிகளும் குறைவாகவே கேட்கும். சத்தம் கூடக் கூட அவை தலை தூக்கும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே பூஸ்ட்டின் கடைசித் திருத்தம் டிரம்ஸ் முழுச் சத்தத்தில் அடிக்கும்போது, மேடையிலேயே செய்ய வேண்டியது.

பழைய வழக்கப்படி சிலர் தாளத்துக்கு ஒரு பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு), லீடுக்கு இன்னொரு பேட்ச் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பல கருவிகளில் பேட்ச் மாறும்போது கண்ணிமைக்கும் நேரம் ஒலி அறுபடும். டிலேயின் வாலும் வெட்டுப்படும். ஒரே பேட்சுக்குள் ஒரு பிளாக்கை மட்டும் ஏற்றி இறக்குவதுதான் ஒலி துண்டுபடாத வழி. ஜெனரேட்டர் கரண்டிலும் சீரியல் செட் வெளிச்சத்திலும் சிங்கிள்-காயில் பிக்கப் இழுத்துவரும் ரீங்காரத்தையும் பூஸ்ட் சேர்த்தே உயர்த்தும் என்பதால், நாய்ஸ் கேட்டை அதற்கு முன்னால் வைப்பது நல்லது. மிக்சரில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் முக்கியம். சொல்லாவிட்டால், கிட்டார் லைனில் அவர் போட்டிருக்கும் கம்ப்ரஸர், நாம் ஏற்றியதையெல்லாம் அழுத்திச் சமமாக்கிவிடும். அல்லது சத்தம் திடீரென்று கூடியதே என்று அவரே ஃபேடரை இறக்குவார். பூஸ்ட் அணைந்த பிறகு கிட்டார் காணாமல் போயிருக்கும்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு மிச்சமிருப்பது காலின் ஞானம். தேர்ந்த வாசிப்பாளர் முதல் சுரத்தின்மேல் பொத்தானை மிதிப்பதில்லை. அதற்கு முந்தைய இடைவெளியில், கை தந்தியை அமுக்கி ஓசையை நிறுத்தியிருக்கும்போது மிதிக்கிறார். உடம்பின் கனம் இடது காலில் இருக்கும்; வலது காலின் நுனி முன்பே பொத்தான்மேல் காத்திருக்கும். அதனால் வாசிப்பு ஆடாது, தாளமும் இழுபடாது. இறக்குவது இன்னும் நுட்பம். சோலோவின் கடைசி சுரத்தை நீட்டிக்கொண்டே, பாடகர் சரணத்துக்கு மூச்சு எடுக்கிற இடத்தில் வாசிப்பாளர் பூஸ்ட்டை விடுவிப்பார். சுரம் தேய்வதும் அளவு இறங்குவதும் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். ரசிகர்களுக்குக் கிட்டார் பின்வாங்கியதே தெரியாது. குரல் எழுந்தது மட்டும் தெரியும்.

ஏற்றிய பூஸ்ட்டை இறக்க மறந்து சரணம் முழுக்க பாடகரோடு மல்லுக்கட்டும் வாசிப்பும் உண்டு. விரலில் எத்தனை வேகம் இருந்தாலும் அங்கே பாட்டு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு லீட் வாசிப்பாளரை நான் அவருடைய சோலோவை வைத்து எடை போடுவதில்லை. சோலோ முடிந்த அடுத்த இரண்டு ஆவர்த்தனங்களை வைத்துப் போடுகிறேன். முன்னால் வரத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். பின்வாங்கவும் தெரிந்தவருக்குப் பக்கத்தில் நின்றால்தான் பாடகருக்குத் தொண்டை தாராளமாகத் திறக்கிறது.